இரு பக்கமும் ஏழு மரை

மூன்று நாளாக வழக்கு மேல் வழக்கு, ஒரே சட்டை. என்னைச் சொல்கிறேன். அண்ணியிடம் ஆறு உடுப்புகள் இருக்கின்றன. ஆறும் ஒரே சாம்பல் நிறம் என்பதால், அவர் மாற்றினாரா இல்லையா என்பதை எந்தத் துப்பறிவாளராலும் சொல்ல முடியாது. அண்ணியே ஒரு துப்பறிவாளர்தான். அவரிடமே கேட்டுப் பார்த்தேன்.

"அதைக் கண்டுபிடிக்க உனக்கு எத்தனை வருஷம் ஆகுதுன்னு பார்க்கிறேன் தம்பி" என்றார். சொல்லும்போது கண்ணைத் திறக்கவில்லை. காரின் முன் இருக்கையில் தலையைச் சாய்த்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, முட்டியை ஒரு கையால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணி என்றால் என் கூடப் பிறந்த அண்ணனின் மனைவி. தொழிற்சாலை ஆய்வாளராக இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். இயந்திரங்களையும் பொய்களையும் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் விருப்ப ஓய்வு வாங்கினார். வாங்கிய கையோடு வாசலில் 'துப்பறியும் அலுவலகம்' என்று பலகையை மாட்டினார். இயந்திரங்களை விட்டுவிட்டுப் பொய்களை மட்டும் வைத்துக்கொண்டார் என்று சொல்லலாம். நான் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வாத்தியாராக இருந்தவன். பள்ளியை இழுத்து மூடினார்கள், அண்ணி என்னைச் சேர்த்துக்கொண்டார். உதவியாளர் என்று பெயர், வேலை என்னவோ கார் ஓட்டுவதும் திட்டு வாங்குவதும்தான்.

வழக்கு சின்னது. பன்னிரண்டு நாளுக்கு முன்னால், ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில், மூன்றாவது லைன் ஆபரேட்டரின் கை பெல்ட்டில் மாட்டி மூன்று விரல்கள் போய்விட்டன. மோட்டார் செயின் தளர்ந்திருந்தது, பராமரிப்பு ஃபிட்டரின் அலட்சியம் என்று அறிக்கை எழுதிவிட்டார்கள். ஃபிட்டரும் "ஆமா, என் தப்புதான்" என்று ஒப்புக்கொண்டுவிட்டார். நாளைக் காலை ஒன்பது மணிக்கு வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுகிறார். போட்டால் வேலை போகும், வழக்கு வரும், சிறையும் கிடைக்கலாம். ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருடம்தான் பாக்கி அவருக்கு.

குற்றவாளியே ஒப்புக்கொண்ட பிறகு துப்பறிவாளருக்கு என்ன வேலை? எங்களை அழைத்தது அவருடைய மகள். இரு சக்கர வாகனப் பழுதுக்கடை வைத்திருக்கிற பெண். இன்று காலையில் கடை வாசலில் நின்றபடியே பேசினாள்.

"எங்கப்பா தப்புப் பண்ணலை மேடம். விபத்துக்கு முந்தின நாள், வார லீவு அன்னிக்கு, எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. ரெண்டு பக்கமும் நூல் பிசகாம இருந்துச்சு. அதுக்கப்புறம் யாரோ கை வச்சிருக்காங்க. அது யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க."

"அப்புறம் ஏன் உங்கப்பா தன் தப்புன்னு சொல்றார்?"

"அவரைப் பயமுறுத்தி வச்சிருக்காங்க. என்கிட்டயே பேச மாட்டேங்கிறார்."

அண்ணி அப்போது அவளை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு வழியெல்லாம் பேசவே இல்லை. முட்டி வலி என்று நான் நினைத்துக்கொண்டேன்.

தொழிற்சாலை மேனேஜர் எங்களுக்கு ஒரு மணி நேரம் கொடுத்தார். எதையும் தொடக்கூடாது, எதையும் கழற்றக்கூடாது, யாரையும் தொந்தரவு செய்யக்கூடாது. மூச்சு விடலாமா என்று கேட்க நினைத்தேன், அண்ணி பார்த்த பார்வையில் விட்டுவிட்டேன்.

மூன்றாவது லைன் என்பது ஒரு நீளமான பெல்ட். ஒரு கோடியில் மோட்டார். மறுகோடியில், முப்பதடி தள்ளி, பெல்ட் சுற்றித் திரும்பும் உருளை. நடுவில் அட்டைப்பெட்டிகள் ஊர்ந்து போகும். இப்போது சிவப்பு நூல் கட்டி அரக்கு வைத்திருந்தார்கள். நாளைக் காலை கையெழுத்தானதும் அரக்கை உடைத்து, பத்து மணிக்கு லைனை ஓட விடுவதாக ஏற்பாடு. மோட்டாரில் புதுச் செயின் மின்னியது. பழைய செயின் பக்கத்தில் ஓர் ஆணியில், அடையாளச் சீட்டோடு தொங்கியது.

அண்ணி பழைய செயினைப் பக்கவாட்டில் பிடிக்கச் சொன்னார். தொடக்கூடாது என்று மேனேஜர் சொன்னதை நினைவுபடுத்தினேன்.

"என்னைத்தான் சொன்னார். உன்னைச் சொல்லலை."

பிடித்தேன். லேசாகத்தான் வளைந்தது.

"தேஞ்சுபோன செயினா இருந்தா வில்லு மாதிரி வளையும். இது இன்னும் ரெண்டு வருஷம் உழைக்கும்" என்றார் அண்ணி. பிறகு மோட்டார் பக்கம் குனிந்து, செயினின் தளர்ந்த பக்கத்தை அழுத்திக்கொண்டிருந்த சின்னப் பல்சக்கரத்தைக் காட்டினார். அதன் பின்னால் ஒரு ஸ்பிரிங். "இதுக்கு டென்ஷனர்னு பேர். செயின் கொஞ்சம் தளர்ந்தா, இந்த ஸ்பிரிங் தானா தள்ளி அதை இறுக்கிக்கும். யாரும் வந்து முறுக்க வேண்டியதில்லை. அலட்சியமா இருக்கணும்னு நினைச்சாக்கூட இங்க இருக்க முடியாது."

"ரொம்ப இறுக்கிட்டா?"

"பேரிங் போயிடும், செயின் அறுந்திடும். தளர விட்டா பல்லைத் தாண்டிக் குதிக்கும். விட்டும் பிடிக்கணும், பிடிச்சும் விடணும்."

"அண்ணன் உங்களைப் பத்தி இதையேதான் சொல்வார்."

அண்ணி சிரிக்கவில்லை. இன்னொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பார். முப்பதடி தள்ளியிருந்த மறுகோடியை நோக்கி நடந்துகொண்டே கேட்டார்: "விரல் போனது எங்க?"

"அந்தக் கோடியில, உருளைகிட்ட."

"செயின் எங்க இருக்கு?"

நான் திரும்பி முப்பதடியையும் பார்த்தேன். எனக்கே வெட்கமாக இருந்தது. பன்னிரண்டு நாளாக இத்தனை பேர் வந்து போய், வலிக்கிற இடம் ஒன்று, தைலம் தடவுகிற இடம் ஒன்று என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அறிக்கை எழுதியவர் ஏன் அந்தப் பக்கமே போகவில்லை என்பதும் புரிந்தது. மோட்டார் பக்கத்தில்தான் மின்விசிறி இருந்தது, அதன் அடியில் ஒரு நாற்காலியும்.

உருளை இருக்கும் கோடியில் கதை வேறாக இருந்தது. பெல்ட்டின் இடது ஓரம் முழுக்கப் பிய்ந்து, நூல் நூலாகத் தொங்கியது. இடது பக்கத்து இரும்புச் சட்டம் உரசி உரசிப் பளபளத்தது.

"பெல்ட்டு இடது பக்கமா ஒதுங்கிப் போயிருக்கு. சட்டத்துல உரசி நூல் பிரிஞ்சிருக்கு. நூல் தொங்கினா ஆபரேட்டர் என்ன பண்ணுவார்?"

"பிடிச்சு இழுப்பார்."

"ஓடுற பெல்ட்டுல" என்றார் அண்ணி. 

உருளையின் இரு பக்கமும் பக்கத்துக்கு ஒரு நீளமான போல்ட் இருந்தது. பெல்ட் நாளாக ஆகத் தளரும், தளர்ந்தால் இந்த இரண்டு போல்ட்டுகளையும் முறுக்கி உருளையைப் பின்னுக்கு இழுக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். நட்டுக்கு வெளியே எத்தனை மரைச் சுற்று தெரிகிறது என்று அண்ணி எண்ணச் சொன்னார். தரையில் மண்டியிட்டு எண்ணினேன்.

"இடது பக்கம் ஏழு மரை. வலது பக்கமும் ஏழு. பிரமாதமா வச்சிருக்கார் மனுஷன். கணக்கு வாத்தியார் தோத்துடுவார்."

"அழுக்கைப் பார்த்தியா?"

பார்த்தேன். இடது போல்ட்டில் ஏழு மரையிலும் அட்டைத்தூசி அப்பிக் காய்ந்து கிடந்தது. பல நாளாக யாரும் அதைத் தொடவில்லை. வலது போல்ட்டில் ஐந்து மரை அப்படித்தான் இருந்தது. நட்டை ஒட்டிய இரண்டு மட்டும் புதிதாகப் பளிச்சென்று தெரிந்தன.

"அப்படின்னா யாரோ வலது பக்கத்தை மட்டும் ரெண்டு மரை இழுத்திருக்காங்க. அதுக்கு முன்னாடி இடது ஏழு, வலது அஞ்சு" என்றேன்.

"அதாவது கோணலாத் தெரிஞ்சதை நேர் பண்ணியிருக்காங்க."

இரண்டாவது லைனில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண் எங்களையே கவனித்துக்கொண்டிருந்தார். பெட்டிகளை அடுக்கும் கை நிற்கவில்லை, கண் மட்டும் இங்கே இருந்தது. அண்ணி அவர் பக்கம் போனார்.

"இந்த லைனை ஃபிட்டர் எப்படி டைட் வைப்பார்னு பார்த்திருக்கீங்களா?"

"ஒம்பது வருஷமாப் பார்க்கிறேன் மேடம். எங்க ஃபிட்டரண்ணன் எப்பவும் இந்த இடது பக்கம் ரெண்டு மரை கூட வைப்பார். ஏண்ணே இப்படின்னு கேட்டா, இது கோணக்கால் கழுதைம்மா, இதை நேரா நிக்கவச்சா உதைக்கும்னுவார்."

"கோணல் எப்படி வந்துச்சு?"

"லோடு தூக்குற வண்டி வந்து இடிச்சிருச்சு. சட்டமே முறுக்கிக்கிச்சு. மாத்திக் குடுங்கன்னு அவர் எழுதிக் குடுத்துக்கிட்டே இருந்தார். இவங்க மாத்திக்கிட்டே இருந்தாங்க." மேனேஜர் அறைப் பக்கம் தாடையைக் காட்டினார். "மேனேஜர்களை."

எனக்கு அந்தப் பெண்ணை மிகவும் பிடித்துப்போயிற்று. அதைவிட, வழக்கு முடிந்துவிட்டது என்ற சந்தோஷம். ஒன்பது வருடமாக இடது பக்கம் இரண்டு மரை கூட வைக்கும் மனிதர், ஒரே நாளில் இரண்டையும் சமமாக வைக்க மாட்டார். ஃபிட்டர் கை இதில் படவில்லை. வேறு யாரோ வந்து, கோணல் என்று நினைத்து, நல்லதைக் கெடுத்திருக்கிறார்கள்.

"ஆனா ஓட்டிப் பார்த்திருப்பாங்களே அண்ணி? அப்பவே தெரிஞ்சிருக்காதா?"

"வெறும் பெல்ட்டு அஞ்சு நிமிஷம் நேராத்தான் ஓடும். பெட்டி ஏறி ஒரு மணி நேரம் ஓடினாத்தான் அதோட குணம் தெரியும்." அண்ணி வலது போல்ட்டுக்குப் பின்னால் இருந்த குறுக்குச் சட்டத்தைக் காட்டினார். "அது என்ன பாரு."

தூசிக்கு நடுவே ஒரு மெல்லிய கம்பி கிடந்தது. ஒரு முனை வளைந்து, மறுமுனை அரத்தால் ராவி மழுங்கடிக்கப்பட்டு, என் முழங்கை நீளத்துக்கு இருந்தது. உருளையின் அச்சுக்கும் சட்டத்தின் முனைக்கும் நடுவே வைத்துப் பார்த்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. இடது பக்கம் கொண்டுபோய் வைத்தேன். அங்கேயும் அப்படியே.

இந்த வழக்கில் அண்ணிக்கு முன்னால் எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் இதுதான் என்று அப்போது நினைத்தேன். "இது மோட்டார் சைக்கிள் சக்கரத்து ஸ்போக்ஸ் கம்பி அண்ணி. பின் சக்கரத்துல செயின் இறுக்கும்போது, ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்கான்னு இப்படித்தான் கம்பி வச்சுப் பார்ப்பாங்க. ஒரு பக்கம் கூடினாலும் சக்கரம் கோணிக்கும். இதைச் செஞ்சவன் ஃபேக்டரி ஃபிட்டர் இல்ல. மோட்டார் சைக்கிள் பைத்தியம் பிடிச்ச எவனோ."

"ம்" என்றார் அண்ணி.

"வரும்போது வாசல்ல பார்த்தீங்களா? மீசைக்காரக் காவலாளி. வண்டியைத் துடைச்சுத் துடைச்சுக் கண்ணாடியா வச்சிருக்கார். லீவு நாள்ல சாவி அவர்கிட்டதான். கையும் களவுமா மாட்டினார் மனுஷன்."

"போய்க் கேளு" என்றார். அவர் குரலில் அவசரம் இல்லை. நல்ல துப்புக் கிடைத்தால் அண்ணி வேகமாக நடப்பார், வலித்தாலும் நடப்பார். இன்றைக்குப் பின்னாலேயே மெதுவாக வந்தார்.

காவலாளி மீசையை முறுக்கிக்கொண்டு எழுந்து நின்றார். வருகைப் பதிவேட்டைக் கேட்டதும் தயங்காமல் கொடுத்தார். வார லீவு நாள், பதினொரு மணி, ஃபிட்டர் உள்ளே. பன்னிரண்டரைக்கு வெளியே. கையெழுத்தும் இருந்தது.

"ஃபிட்டருக்கு அன்னிக்குக் காய்ச்சல்னு ரெண்டாவது லைன் அம்மா சொன்னாங்களே" என்றேன்.

"காய்ச்சலோடதான் வந்தார். இருமிக்கிட்டே."

"காய்ச்சலுக்கு இருமல் எதுக்கு வருது?"

"அதெல்லாம் டாக்டரைத்தான் கேக்கணும் சார்."

வாய்ச்சாலக்காரர் என்று தெரிந்தது. வேறு பக்கமாக வந்தேன். "வண்டி அருமையா இருக்கு. செயினெல்லாம் எண்ணெய் வழிய வழிய. நீங்களே இறுக்குவீங்களா?"

மீசைக்குக் கீழே ஒரு சிரிப்பு மலர்ந்தது. "எனக்கு அதெல்லாம் வராது சார். துடைக்க மட்டும்தான் தெரியும். ஃபிட்டர் பொண்ணு இருக்கும்போது எனக்கென்ன கவலை? அது கை வச்சா வண்டி பேசும்."

எனக்குள் ஏதோ இடித்தது. ஆனாலும் வாத்தியார் புத்தி, கேள்வித்தாளைக் கடைசி வரை முடித்தே தீரும். கம்பியை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன்.

"இதைப் பார்த்திருக்கீங்களா?"

"அட, இது அந்தப் பொண்ணோட அளவுக் கம்பியாச்சே. இது எப்படி உங்ககிட்ட..." என்றவர் பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார். தேள் கொட்டிய திருடனைப் போல அவர் விழிக்க, அவரைவிட நான் அதிகமாக விழித்தேன். கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பிவிட்டது. அந்தப் பூதம்தான் எங்களை வேலைக்கு அமர்த்திய ஆள்.

"ஃபிட்டர் வரலை, இல்லையா?" அண்ணி பின்னாலிருந்து கேட்டார்.

காவலாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அவர் எழுந்திருக்க முடியாமக் கிடந்தார் மேடம். பெல்ட்டு வழுக்குது, லீவு முடிஞ்சு வரும்போது சரியா ஓடலைன்னா நீ வேலைக்கே வராதேன்னு மேனேஜர் சொல்லிட்டார். பொண்ணு வந்து நின்னுச்சு. ஒரு மணி நேரம் விடுங்க மாமா, எங்கப்பா வேலை போயிடும்னுச்சு. எப்படி மேடம் முடியாதுன்னு சொல்றது? நான்தான் அவர் பேர்ல எழுதச் சொன்னேன்."

அண்ணி பதிவேட்டை மூடி அவர் கையிலேயே கொடுத்தார்.

காரில் ஏறிய பிறகு நான் சாவியைத் திருப்பவில்லை. "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"காலையிலயே சந்தேகம். ரெண்டு பக்கமும் நூல் பிசகாம இருந்துச்சுன்னு சொன்னாளே. வீட்ல இருந்த பொண்ணுக்கு அது எப்படித் தெரியும்? போனது இவதான்னு அப்பவே நினைச்சேன். அவ செஞ்சதுதான் தப்புங்கிறது அந்தப் போல்ட்டைப் பார்த்தப்பத்தான் தெரிஞ்சுது." கையால் முகத்தைத் துடைத்தார். "வேற யாராவதா இருக்கட்டும்னு உன்னை அந்த மீசைகிட்ட அனுப்பினேன். எனக்கு அலுத்துப்போச்சு தம்பி. ஒரு கேஸ்லயாவது கெட்டவன்னு ஒருத்தன் இருந்தா நல்லா இருக்கும்."

ஃபிட்டரின் வீடு ஒரு மாடியில் இரண்டே அறை. கதவைத் திறந்தவர் எங்களை உள்ளே விட்டுவிட்டு, கட்டில் மேல் இருந்த பையை அவசரமாகத் தள்ளி வைத்தார். இரண்டு சட்டை, ஒரு துண்டு, பல் துலக்கும் பிரஷ். நாளைக்குச் சிறைக்குப் போகும் ஆள் என்னென்ன எடுத்து வைப்பார் என்று நான் அதுவரை யோசித்ததில்லை.

அண்ணி கம்பியை மேஜை மேல் வைத்தார். அவர் அதைப் பார்த்தார். இது என்ன என்று கேட்கவில்லை.

"அவளுக்குத் தெரியுமா?" என்றார்.

"தான் போனது தெரியும். தான் செஞ்சதுதான் விரலை எடுத்துச்சுன்னு தெரியாது. யாரோ அவளுக்கு அப்புறம் வந்து கெடுத்துட்டாங்கன்னு நம்பிட்டிருக்கா."

"அப்ப அப்படியே இருக்கட்டும் மேடம். உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

"செய்யாத தப்புக்குக் கையெழுத்துப் போடப் போறீங்களா?" என்று நான் கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்த விதத்தில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது. "செஞ்ச தப்புக்குத்தான் சார் போடுறேன். அன்னிக்குச் சாயங்காலம் வந்து, அப்பா, ரெண்டு பக்கமும் சரிசமமா வச்சுட்டேன்னு சொன்னா. சந்தோஷமாச் சொன்னா. எனக்குப் பகீர்னுச்சு. சரிம்மான்னு சொல்லிட்டேன். விடிஞ்சதும் போயி, ஷிஃப்ட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு மரையைத் திருப்பிடலாம்னு நினைச்சேன். ஏழரைக்குப் போயிட்டேன். அவசர ஆர்டருன்னு அன்னிக்கு ஏழு மணிக்கே லைனை விட்டுட்டாங்க."

"நிறுத்தியிருக்கலாமே."

"ஏன் நிறுத்துறேன்னு கேப்பாங்க. யார் கை வச்சதுன்னு கேப்பாங்க. வெளியாள் உள்ள வந்து மெஷினைத் தொட்டான்னு அவ மேல கேஸ் போடுவாங்க. ஒம்பது மணிக்கு டீ. லைன் தானா நிக்கும். அப்பப் பண்ணிக்கலாம்னு நின்னேன். பெல்ட்டு நகர்றதை ஒவ்வொரு நூலாப் பார்த்துக்கிட்டே நின்னேன். எட்டே முக்காலுக்கு அவன் கையை விட்டான்." நிறுத்தினார். "அவ தெரியாமச் செஞ்சா. நான் தெரிஞ்சு நின்னேன். யாரு மேடம் குத்தவாளி?"

அண்ணியின் இருபத்திரண்டு வருட அனுபவத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு படிவமும் இல்லை போலிருக்கிறது. வேறொன்றைச் சொன்னார்.

"நீங்க கையெழுத்துப் போடப்போற காகிதத்துல செயின் தளர்ந்ததுதான் காரணம்னு இருக்கு. செயினை மாத்திட்டாங்க. நாளைக்குப் பத்து மணிக்கு லைன் ஓடும். அந்தப் போல்ட்டு இன்னும் ஏழும் ஏழுமாத்தான் இருக்கு. அதை யாரும் தொடப் போறதில்ல. நீங்களும் அங்க இருக்கப் போறதில்ல."

 பன்னிரண்டு நாளாக மகளையே நினைத்துக்கொண்டிருந்தவருக்கு இது தோன்றவே இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பது இதுதான்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. மகள் உள்ளே வந்தாள், கையைத் துணியில் துடைத்துக்கொண்டே. எங்களைப் பார்த்து முகம் மலர்ந்தவள், மேஜையைப் பார்த்ததும் நின்றாள்.

"சரி, நான் போனது உண்மைதான்" என்றாள். "சொன்னா நீங்க கேஸை எடுத்துக்க மாட்டீங்கன்னு மறைச்சேன். ஆனா நான் வச்சது கரெக்ட்டு மேடம். ஓட்டிக்கூடப் பார்த்தேன்."

ஃபிட்டர் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று அண்ணியிடம் கண்ணாலேயே கெஞ்சினார்.

"உக்காரும்மா" என்றார் அண்ணி. "உன் தொழில்ல ஒரு சந்தேகம். விபத்துல அடிபட்ட வண்டி ஒண்ணு வருது. பின்பக்கச் சட்டமே முறுக்கியிருக்கு. அதுல கம்பி வச்சு ரெண்டு பக்கமும் ஒரே அளவு வச்சா என்ன ஆகும்?"

"சக்கரம் கோணும். சட்டம் கோணலா இருந்தா அளவையும் அதுக்கேத்த மாதிரிக் கோணலா..." என்று ஆரம்பித்தாள்.

முடிக்கவில்லை. நல்ல மெக்கானிக். முட்டாளாக இருந்திருந்தால் இன்னும் ஒரு மணி நேரமாவது நிம்மதியாக இருந்திருப்பாள். அவள் முகம் வெளுத்ததைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை, ஜன்னலைப் பார்த்தேன்.

"ஏம்பா சொல்லலை?"

"சொன்னா நீ இனிமே ஸ்பானரைத் தொட மாட்டேம்மா."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். "அவருக்கு எந்தக் கை?"

"வலது கை" என்றார் ஃபிட்டர்.

"நீ போய்ப் பார்த்தியா?"

 பன்னிரண்டு நாளாக அவரும் போகவில்லை, அவளும் போகவில்லை. அவள் எழுந்து ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து அப்பாவிடம் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் முடிய இருபது நிமிடம் இருந்தது. ஆபரேட்டர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், வலது கை முழுக்கக் கட்டு. மனைவி ஒரு டம்ளரை அவர் இடது கையில் பிடிக்கப் பழக்கிக்கொண்டிருந்தார். ஃபிட்டரைப் பார்த்ததும் அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் அண்ணியும் கதவோரமே நின்றுவிட்டோம்.

"வாங்கண்ணே" என்றார் ஆபரேட்டர். "நாளைக்கு லைன் ஓடுதாமே. என் இடத்துல என் தம்பியைப் போட்டிருக்காங்க. வீட்ல ஒருத்தராவது வேலைக்குப் போகணும்ல."

 மகள்தான் முன்னால் போனாள். எதையும் சுற்றி வளைக்கவில்லை. வலது பக்கத்து போல்ட்டைத் தான் இரண்டு மரை இழுத்ததையும், ஏன் இழுத்தாள் என்பதையும், அது தப்பு என்று ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் தெரிந்தது என்பதையும் நின்றுகொண்டே சொன்னாள். அப்புறம் அப்பா சொன்னார், பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததை. அவர் சொல்லி முடிக்க அதிக நேரம் ஆயிற்று. நாளைக்கு விசாரணையில் இதையேதான் சொல்லப் போகிறோம் என்றாள் மகள்.

அந்த மனைவி டம்ளரைக் கீழே வைத்தார்.  எந்த நாற்காலி எப்போது பறக்கும் என்று நான் வாசலை அளந்துகொண்டிருந்தேன். ஆபரேட்டர் கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"இப்ப அது எத்தனைல இருக்கு?"

"ஏழும் ஏழும்."

"லைன் ஓடுறதுக்கு முன்னாடி போயி, ரெண்டு பேரும் நின்னு, அதைச் சரி பண்ணுங்க. என் தம்பி பத்து மணிக்கு நிப்பான்" என்றார். "மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."